அரங்கேறாத 15 ஆயிரம் ஆட்டங்கள்

பெயர் கொடுத்தவர்கள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். வந்து சேர்ந்த யோசனைகள் 17 ஆயிரத்துக்கு மேல். இறுதிச் சுற்றுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை 1,567.

இது சினிமாவுக்குப் புதுமுகம் தேடிய கணக்கு அல்ல. உத்தியோகத்துக்கு ஆள் எடுத்த கணக்கும் அல்ல. புது விளையாட்டு கண்டுபிடிக்கும் போட்டிக்கு நம் நாட்டில் திரண்ட கூட்டம் இது!

மத்திய கல்வி அமைச்சகமும் வேறு சில அமைச்சகங்களும் சேர்ந்து 2021-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி தொடங்கிவைத்த போட்டி அது. 'டாய்கத்தான்' என்று பெயர். கொரோனா காலம் ஆகையால், இறுதிச் சுற்று ஜூன் 22 முதல் 24 வரை இணையத்தின் வழியாகவே நடந்தது. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடும் விளையாட்டுகளுக்கு மட்டும் அதில் இடம் தரப்பட்டது. கடைசி நாளன்று பிரதமர் நரேந்திர மோடி போட்டியாளர்களுடன் பேசினார். உலகப் பொம்மைச் சந்தையின் மதிப்பு சுமார் 10 ஆயிரம் கோடி டாலர், அதில் இந்தியாவின் பங்கு 150 கோடி டாலர் அளவுக்குத்தான் என்றார். நாம் வாங்கும் பொம்மைகளில் 80 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றும் சொன்னார்.

எல்லாம் யோசிக்க வேண்டிய புள்ளிவிவரங்கள்தாம். ஆனால் அந்தப் போட்டியில் எல்லோரும் கவனிக்கத் தவறிய இன்னொரு கணக்கு உண்டு. 17 ஆயிரத்தில் 1,567 போனால் மீதி எவ்வளவு? 15 ஆயிரத்துக்கும் மேல்! அவற்றைச் செய்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? தங்கள் ஆட்டம் எந்த இடத்தில் பிசகிற்று என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பரிசு பெற்றவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். பெறாதவர் பெரும்பாலும் ஒரு சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வார். கவிதைப் போட்டியிலும் கோலப் போட்டியிலும் இதுதானே வழக்கம் என்று கேட்கலாம். விளையாட்டு செய்யும் போட்டிக்கு அந்த வழக்கம் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

கட்டம் கட்டும் கலை

கம்ப்யூட்டர் விளையாட்டில் 'லெவல்' என்று ஒன்று உண்டு. நமது பிள்ளைகள் "அஞ்சாவது லெவல் தாண்டிட்டேன்" என்று சொல்வதைப் பெற்றோர் கேட்டிருப்பார்கள். தமிழில் அதைக் கட்டம் என்று சொல்லலாம். தாயக்கட்டத்துக்கும் அதே சொல், கதையில் வரும் இக்கட்டான கட்டத்துக்கும் அதே சொல். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒரு கட்டத்தில் பள்ளம் எங்கே, படி எங்கே, சாவி எங்கே, எதிரி எந்த மூலையில் நிற்கிறான் என்பதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். அதற்கென்றே தனித் தொழில் இருக்கிறது. தனிப் போட்டிகளும் நடக்கின்றன. ஓவியம் வேண்டாம், கதை வேண்டாம், ஒரே ஒரு கட்டத்தை அமைத்து அனுப்பு என்று கேட்கும் போட்டிகள் அவை.

இது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் கல்தளத்தைக் கவனித்தால் பல இடங்களில் ஒரு முக்கோணமும் அதன் குறுக்கே கோடுகளும் செதுக்கியிருப்பது தெரியும். ஆடு புலி ஆட்டம்! ஊருக்கு ஊர் சிறிது மாறும். பொதுவாக 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆடாக இறக்க வேண்டும். எல்லா ஆடுகளும் இறங்குகிற வரையில் எந்த ஆடும் நகரக் கூடாது. புலிக்கோ ஆரம்பம் முதலே தாண்டி வெட்ட உரிமை உண்டு. ஆடு வெட்டாது. புலிகளை நகர முடியாமல் அடைத்தால்தான் அதற்கு ஜெயம்.

இதைவிட அநியாயமான ஏற்பாடு இருக்க முடியுமா? ஒரு பக்கம் பல், மறு பக்கம் வெறும் எண்ணிக்கை. ஆனாலும் ஆட உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சமமாகவே இழுக்கிறது. அந்த முக்கோணத்தின் கோடுகளை யார் போட்டார்களோ தெரியாது. ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். எத்தனை பேர் ஆடி, எத்தனை முறை சலித்துக்கொண்டு, எத்தனை கோடுகளை அழித்துத் திருத்திய பிறகு அது அந்த வடிவத்துக்கு வந்திருக்கும்! அறையில் தனியாக உட்கார்ந்து ஒரே நாளில் யாரும் அதைச் செய்திருக்க முடியாது.

கோட்டையும் கட்டமும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். 17-ம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் கட்டியது. சுற்றிலும் அகழி. அரைவட்டக் கொத்தளங்கள். செதுக்கிய கல்லால் ஆன மதில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று மட்டங்களில் ஏறுகிறது. 1751-ல் பிரெஞ்சுக்காரரின் துணை பெற்ற சந்தா சாகிபும், ஆங்கிலேயரின் துணை பெற்ற முகமது அலியும் இந்த வட்டாரத்தில்தான் மோதினார்கள். வாலிகண்டபுரம் போர் என்பது அதுவே.

வருகிறவனை எங்கே நிறுத்துவது, எந்த வழியாகத் திருப்புவது, எந்த இடத்தில் அவன் தலைக்கு மேலே நாம் நிற்பது என்று கணக்குப் போட்டுக் கட்டிய இடம் அது. அந்த வகையில் கோட்டையும் ஒரு கட்டம்தான். அகழியைத் தாண்டினால் முதல் மதில். அதைத் தாண்டினால் அதைவிட உயரத்தில் அடுத்தது.

ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கோட்டை கட்டுகிறவன், வருகிறவன் தோற்க வேண்டும் என்று கட்டுகிறான். கட்டம் கட்டுகிறவன், வருகிறவன் ஜெயிக்க வேண்டும் என்று கட்டுகிறான். சும்மா ஜெயித்துவிடக் கூடாது, சிறிது வியர்க்க வேண்டும், இரண்டு தடவை விழ வேண்டும், மூன்றாம் தடவை "அடடே, இதுதானா!" என்று தொடையில் தட்டிக்கொண்டு தாண்ட வேண்டும்.

முதல் தடவை போட்டிக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலோர் கோட்டையைத்தான் கட்டுகிறார்கள். இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல. செய்தவனுக்குத் தன் கட்டம் மனப்பாடம். பள்ளம் எங்கே என்று தெரியும், கதவு எதற்குப் பின்னால் என்று தெரியும். பத்து நாள் அதையே ஆடி ஆடி, அவனுக்கு அது சப்பென்று ஆகிவிடுகிறது. ஆகவே இன்னொரு முள்ளை வைக்கிறான், இன்னொரு எதிரியை நிறுத்துகிறான். தனக்குச் சரியாக இருக்கும்போது மற்றவர் யாருக்கும் அது சரியாக இராது என்பதை அவன் அறிவதில்லை.

இதை அறிய ஒரே வழிதான் உண்டு. அந்த விளையாட்டை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒருவரை எதிரே உட்கார வைத்து, செய்தவன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வீட்டில் தங்கையை உட்கார வைத்தான் என்று வைத்துக்கொள்வோம். அவள் இடது பக்கம் போகிறாள். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பவும் இடது பக்கமே போகிறாள். "என்னண்ணே இது, எங்க போறதுன்னே தெரியல" என்கிறாள். "அந்த விளக்குக்குப் பக்கத்துல பாரு" என்று அவன் சொல்லிவிட்டால் பரீட்சை கெட்டது. விளக்கு அவள் கண்ணில் படவில்லை என்பதுதான் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடம். விளக்கை இரண்டடி தள்ளி வைக்க வேண்டும். அல்லது இடது பக்கத்தை அடைக்க வேண்டும். தங்கையைத் திட்டுவதால் கட்டம் சரியாகாது.

சொல்லாமல் சொல்வது

இந்தக் கலையில் உலகத்துக்கே உதாரணமாகக் காட்டப்படுவது ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் கட்டம். ஷிகெரு மியாமோட்டோ என்பவர் தலைமையில் உருவானது. திரை திறக்கும்போது மரியோ இடது ஓரத்தில் நிற்கிறான். வலது பக்கம் வெட்டவெளி. ஆகவே சொல்லாமலே வலது பக்கம் நடக்கிறோம். எதிரே ஒரு சின்ன எதிரி வருகிறது. மோதினால் சாவு, ஆனால் அப்போது இழப்பு ஒன்றும் பெரிதல்ல, இரண்டு விநாடிக்கு முன்புதானே ஆரம்பித்தோம்! மறுபடி வந்து, குதிக்கிறோம். குதிக்கும்போது மேலே இருக்கும் பெட்டியில் தலை இடிக்கிறது, நாணயம் விழுகிறது. இப்படியே ஒரு வார்த்தை எழுதாமல் விளையாட்டின் சட்டம் முழுவதையும் அந்த முதல் கட்டம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. நம் ஆரம்பப் பள்ளிப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு தடவை அதை ஆடிப் பார்த்தால் தவறில்லை.

தமிழ் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. கனடாவில் டொரண்டோ நகரில் இயங்கும் 'விசை' என்ற சிறிய குழு 2023-ல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. சமையல்தான். தாயார் எழுதி வைத்த சமையல் குறிப்பு கிழிந்தும் மங்கியும் கிடக்கிறது. அழிந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று ஆடுகிறவர் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த முறையில் அடுக்குவது என்பதே ஒரு புதிர்! நமக்குச் சிரிப்பு வருகிறது. இட்லிப் பானையைக் கண்ணால் பார்த்திராத வெள்ளைக்காரருக்கு அது நிஜமான கட்டம். அந்த விளையாட்டு 2024-ல் அமெரிக்காவின் சுயேச்சை விளையாட்டு விழாவில் தலைசிறந்த பரிசையும், பிரிட்டனின் 'பாஃப்டா' முதல் படைப்புப் பரிசையும் வென்றது.

கிழிந்த ஏட்டை வைத்துக்கொண்டு சமைப்பதைவிட எளிய யோசனை வேறு என்ன இருக்கிறது? யோசனை எங்கிருந்தும் வரலாம். அடுக்களையிலிருந்து வரலாம். ஆனால் எந்த வரியைக் கிழிப்பது, எவ்வளவு கிழிப்பது என்பதுதான் வேலை. அதிகம் கிழித்தால் ஆடுகிறவர் கைகழுவிவிட்டுப் போய்விடுவார். குறைவாகக் கிழித்தால் அது வெறும் சமையல் குறிப்பு.

பெரம்பலூர்ப் பையனின் சங்கடம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மண். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும். என்ஜினீயரிங் கல்லூரிகளும் வந்துவிட்டன. அங்கே படிக்கும் ஒரு பையனுக்கு விளையாட்டு செய்ய ஆசை வந்தால் கருவிக்குப் பஞ்சமில்லை. 'கோடோ' என்ற மென்பொருள் 2014 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

அவனுக்கு இல்லாதது வேறு. சென்னையிலோ பெங்களூரிலோ புனேயிலோ இருக்கும் பையன், அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரைத் தேடிப்போய்த் தன் கட்டத்தைக் காட்ட முடியும். "இங்கே இரண்டாவது கதவை எடுத்துவிடு, தம்பி" என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் அப்படி யாரைத் தேடுவது? ஆகவே போட்டிதான் அவனுக்கு இருக்கும் ஒரே வாசல். அந்த வாசலிலிருந்து "தேர்வு பெறவில்லை" என்ற இரண்டு சொல் மட்டும் திரும்பி வந்தால், தன் கட்டம் கோட்டையாகப் போய்விட்டதா, யோசனையே மட்டமா, அல்லது நடுவர் முதல் பள்ளத்திலேயே விழுந்து நிறுத்திவிட்டாரா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

போதாக்குறைக்கு வீட்டில் வேறு சங்கடம். "கேம்" என்ற சொல்லைக் கேட்டாலே தகப்பனாருக்கு ஆன்லைன் ரம்மி ஞாபகம் வருகிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தில் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்பதை எல்லோரும் அறிவார்கள். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அதே சட்டம் பணயம் இல்லாத விளையாட்டுகளை வேறாகப் பிரித்து, ஊக்கம் தர வேண்டியவை என்று சொல்கிறது. சட்டம் பிரித்துவிட்டது. வீடு இன்னும் பிரிக்கவில்லை. பையன் இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவன் ஆடுகிறானா, ஆட்டம் செய்கிறானா என்று கதவுக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது அல்லவா?

ஆடிப் பார்த்தால்தான் தெரியும்

வெளிநாட்டுப் போட்டிகள் எல்லாம் உயர்வு என்று சொல்ல வரவில்லை. ஆனால் சில நல்ல பழக்கங்கள் அங்கே உண்டு. 1993 டிசம்பரில் 'டூம்' என்ற விளையாட்டு வெளிவந்தபோது, அதை ஆடியவர்கள் தாங்களே புதுக் கட்டங்கள் செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். நடுவர் இல்லை, பரிசு இல்லை. நன்றாக இருந்தால் பலர் ஆடினார்கள், மோசமாக இருந்தால் மூஞ்சிக்கு நேரே சொன்னார்கள். அப்படிக் கூடிச் செய்த ரசிகர்களின் கட்டங்களை 1996-ல் அந்தக் கம்பெனியே வாங்கி, தன் பெயரில் வெளியிட்டது!

2004-ல் எபிக் கம்பெனி நடத்திய பெரிய போட்டியில் கட்டம் அமைப்பதற்கென்றே தனிப் பிரிவுகள் இருந்தன. பரிசுகளின் மொத்த மதிப்பு 10 லட்சம் டாலர். தலைப்பரிசு பெற்ற குழு கம்பெனி தொடங்கி, 2006-ல் தன் விளையாட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. பணம் வந்தது சரி. ஆனால் அவர்கள் அனுப்பியது காகிதத்தில் எழுதிய யோசனை அல்ல, ஆடக்கூடிய ஆட்டம். ஆயிரக்கணக்கானவர் அதை ஆடிப் பார்த்துக் குறை சொல்ல முடிந்தது.

2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் 'குளோபல் கேம் ஜாம்' இன்னும் எளிமை. இரண்டு நாள் கூடியிருந்து விளையாட்டு செய்கிறார்கள். முடிவில் ஒருவர் செய்ததை மற்றவர் ஆடுகிறார். பரிசே கிடையாது. உலகமெங்கும் பல நூறு இடங்களில் நடக்கிறது, இந்தியாவிலும் நடக்கிறது.

நம் நாட்டுப் போட்டிகள் நல்ல நோக்கத்தோடுதான் நடக்கின்றன. 2025 மே மாதம் மும்பையில் நடந்த 'வேவ்ஸ்' மாநாட்டை ஒட்டியும் விளையாட்டு செய்வோருக்குப் போட்டிகள் இருந்தன. ஆனால் யோசனையை எழுதி, படம் ஒட்டி, பத்துப் பக்கத்தில் அனுப்பு என்று கேட்கும் வழக்கம் மாற வேண்டும். எழுதிக் காட்டுவதில் கெட்டிக்காரன் வேறு, கட்டம் கட்டுவதில் கெட்டிக்காரன் வேறு. நல்ல இங்கிலீஷ் எழுதத் தெரிந்த நகரத்துக் கல்லூரிக்கே முதல் வகை சாதகம். இரண்டு நிமிஷம் ஆடக்கூடிய ஒரே ஒரு கட்டத்தை அனுப்பு என்று கேட்டால், ஆலத்தூர்ப் பையனும் சென்னைப் பையனும் ஒரே கோட்டில் நிற்பார்கள். அனுப்பிய ஒவ்வொருவருக்கும், அதை ஆடியவர் எந்த இடத்தில் நின்றார், எத்தனை தடவை விழுந்தார் என்று மூன்று வரி திரும்பி வர வேண்டும். 17 ஆயிரம் பேருக்கு மூன்று வரி எழுத முடியுமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். ஏன் முடியாது? போட்டிக்கு வந்தவர்களையே ஆளுக்கு ஐந்து ஆட்டம் ஆடி எழுதச் சொன்னால் ஆயிற்று. பிறர் கட்டத்தில் விழுந்து எழுந்தவனுக்குத் தன் கட்டத்தின் கோளாறு தானாகவே புரிந்துவிடும்.

கருப்பொருளுக்கும் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. வெளிநாட்டு விளையாட்டுகளைப் பார்த்துப் பார்த்து, நம் பிள்ளைகளும் பனி மூடிய நிலவறையையும் டிராகனையும் வரைகிறார்கள். பெரம்பலூரில் பனி ஏது? சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. 1940-ல் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளியுலகுக்கு அறிவித்தது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை என்று கணித்திருக்கிறார்கள். அன்று இந்தப் பக்கமெல்லாம் கடல். காரை கிராமத்தில் மழை அறுத்துப் போட்ட ஓடைகளும் மேடுகளும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோலவே தோன்றும். வழி தவறுவதற்கென்றே இயற்கை அமைத்த இடம் போலிருக்கிறது. அந்த மண்ணில் சுருள் சுருளாகக் கடல் உயிரின் கல்லச்சுகள் கிடக்கின்றன. சுருளின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் போனால் வழி என்று வைத்தால், அதுவே ஒரு கட்டம். ஆடுகிறவர் இரண்டாவது சுருளில் அதைக் கண்டுபிடிக்கிறாரா, ஐந்தாவதிலா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு டெல்லியிலிருந்து போட்டி அறிவிப்பு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், இரண்டு கம்ப்யூட்டர் ஒதுக்கினால் போதும். கல்லூரி மாணவர் செய்ததைப் பள்ளிப் பிள்ளைகள் ஆடட்டும். செய்தவர் பின்னால் நிற்கட்டும், பேசக் கூடாது. யார் எந்தப் பள்ளத்தில் எத்தனை தடவை விழுந்தார் என்று குறித்துக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் வேண்டியிருக்கும்.